கணக்கில் சேராத ஆட்டம்

அமெரிக்காவில் பிள்ளை வீட்டிலோ பெண் வீட்டிலோ ஆகஸ்டு மாதத்தைக் கழித்துவிட்டு வந்தவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். அவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். சாயங்காலம் ஆனதும் மாப்பிள்ளையும் பேரனும் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். மலை மலையான ஆசாமிகள் தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். கூச்சல் காதைத் துளைக்கிறது. "யாரப்பா ஜெயித்தது?" என்று கேட்டால், "யார் ஜெயித்தால் என்ன பாட்டி! இது கணக்கில் சேராத ஆட்டம்" என்கிறான் பேரன். கணக்கில் சேராத ஆட்டத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குள் போயிருப்பீர்கள்.

அடுத்த தடவை போகாதீர்கள், உட்கார்ந்து பாருங்கள். கணக்கில் சேராத அந்த ஆட்டங்களில்தான் எத்தனையோ பிள்ளைகளின் பிழைப்பு முடிவாகிறது.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயர்தான் ஃபுட்பால்; பந்தைக் காலால் உதைப்பது எப்போதாவதுதான். கையில் எடுத்துக்கொண்டு ஓடுவதும், எறிவதும், பிடிப்பதுமாகவே ஆட்டம் நடக்கிறது. பந்தும் உருண்டையல்ல, இரண்டு பக்கமும் கூர்மையாக நீண்டிருக்கும். பந்து வைத்திருக்கும் கட்சி அதைப் பத்து கஜம் முன்னே கொண்டுபோக வேண்டும். அதற்கு நாலு சந்தர்ப்பம் உண்டு. பந்தை எறிகிற தலைவனுக்குக் குவார்ட்டர்பாக் என்று பெயர். அவனுக்குக் காவலாக ஐந்து மலைகள் நிற்கும். அந்த மலைகளைத் தள்ளிக்கொண்டோ சுற்றிக்கொண்டோ உள்ளே புகுந்து, அவன் பந்தை எறிவதற்குள் அவனைத் தரையில் சாய்ப்பது எதிர்க்கட்சியின் முன்வரிசைக்காரர்கள் வேலை. சாய்த்துவிட்டால் அதற்கு 'ஸாக்' என்று பெயர். இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை ஸாக். சடுகுடு பார்த்தவர்களுக்கு இதில் பாதி விளங்கிவிடும்.

இந்த ஸாக் என்பது பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஜனங்கள் எழுந்து நின்று கத்துவார்கள். ஆனால் முன்வரிசைக்காரரின் வேலையில் இது கடுகளவுதான். பந்தோடு ஒருவன் ஓடிவரும்போது இடத்தை விட்டு நகராமல் நிற்பது, இரண்டு காவற்காரர்களைத் தம் மேல் சுமந்துகொண்டு பக்கத்திலிருப்பவருக்கு வழிவிடுவது, இவையெல்லாம் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் ஜாங்கிரி பரிமாறுகிறவரை எல்லோரும் பார்க்கிறார்கள். கோட்டை அடுப்பின் முன்னால் வெந்துகொண்டிருப்பவரை யார் பார்க்கிறார்கள்?

நிஜப் பந்தயங்கள் செப்டம்பரில் ஆரம்பம். அதற்கு முன் ஆகஸ்டில் ஒத்திகை ஆட்டங்கள். முன்பு கட்சிக்கு நாலு. 2021 முதல் மூன்று. தொண்ணூறு பேர் ஒத்திகைக்கு வருவார்கள். முடிவில் 53 பேருக்குத்தான் இடம். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வார்கள். மீதி நேரமெல்லாம் புது ஆட்கள்தான். முதல் வருஷக்காரரை அங்கே 'ரூக்கி' என்கிறார்கள். நம் பாஷையில் கத்துக்குட்டி.

2014-ஆம் வருஷத்துக் கத்துக்குட்டி ஒருவரைப் பற்றித்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன். பெயர் மைக்கேல் ஸாம். டெக்ஸாஸ் மாகாணத்தில் ஹிட்ச்காக் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். எட்டுக் குழந்தைகளில் ஏழாவது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர். மிஸௌரி பல்கலைக்கழகத்துக்காக 2013-ல் முன்வரிசையின் ஓரத்தில் ஆடி, பதினொன்றரை ஸாக் எடுத்தார். தென்கிழக்கு மாநாடு என்கிற பலமான கல்லூரிக் கூட்டத்தில் அந்த வருஷத்துச் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்று பெயர் வாங்கினார். அந்த விருதைப் பெற்றவர்களில் பலரைத் தொழில் கட்சிகள் முதல் சுற்றிலேயே தூக்கிக்கொண்டு போயிருக்கின்றன.

2014 பிப்ரவரியில் ஸாம் பகிரங்கமாக ஒரு விஷயம் சொன்னார். தம் மனம் நாடுவது பெண்களை அல்ல, ஆண்களைத்தான் என்றார். தொழில் ஃபுட்பாலில் ஆடிக்கொண்டிருந்த எவரும் அதற்கு முன் இப்படி வெளிப்படையாகச் சொன்னதில்லை. தேசமே பரபரப்படைந்தது. இவர் வந்தால் கட்சிக்குள் கவனம் சிதறும், பத்திரிகைக்காரர்கள் மொய்ப்பார்கள் என்று பலர் ஆரூடம் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், மிஸௌரித் தோழர்களிடம் 2013 ஆகஸ்டிலேயே ஸாம் இதைச் சொல்லியிருந்தார். நூறு பையன்கள் இருக்கும் இடத்தில் விஷயம் வெளியே கசியவே இல்லை. கவனம் சிதறியதா என்றால், அந்த வருஷம் அவர்கள் 14 ஆட்டத்தில் 12-ஐ ஜெயித்தார்கள்!

தொழில் கட்சிகள் கல்லூரிப் பிள்ளைகளை வரிசைப்படி பொறுக்கிக்கொள்ளும் வைபவத்துக்கு டிராஃப்ட் என்று பெயர். 2014 மே மாதத்தில் பொறுக்கப்பட்டவர்கள் 256 பேர். ஸாம் 249-வது! அப்போது ஸெயிண்ட் லூயியில் இருந்த ராம்ஸ் கட்சி அவரை எடுத்தது. அவ்வளவு கீழே போனதற்குக் காரணம் கேட்டால் ஆட்டத்தை வைத்தே பதில் வந்தது. நாற்பது கஜம் ஓட அவருக்கு 4.91 விநாடி ஆயிற்று. ஓரத்தில் ஆடுகிறவருக்கு இது மெதுவான ஓட்டம். உயரம் ஆறு அடி இரண்டு அங்குலம், எடை சுமார் 260 ராத்தல். நடுவில் நிற்க எடை போதாது, ஓரத்தில் பாய வேகம் போதாது என்றார்கள். பதினொன்றரை ஸாக்கில் ஒன்பது, மூன்றே ஆட்டங்களில் வந்தவை என்றும் எண்ணிக் காட்டினார்கள். இந்தக் குறைகள் எதுவும் பொய்யல்ல. அதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்டு வந்தது. நாலு ஒத்திகை ஆட்டங்களில் ஸாம் செய்தது என்ன? பதினோரு தடவை எதிராளியை மடக்கினார். மூன்று ஸாக் எடுத்தார். அதில் இரண்டு, கிளீவ்லாந்து நகரத்தில் ஜானி மான்ஸெல் என்ற பேர்போன பையன் மேல். மான்ஸெல் கல்லூரி நாளில் விரல்களைத் தேய்த்துப் பணம் எண்ணுவதுபோல் ஒரு சைகை காட்டுவது வழக்கம். அவரைச் சாய்த்துவிட்டு ஸாம் அதே சைகையை அவருக்கே காட்டினார். ஜனங்கள் சிரித்தார்கள். 249-வது ஆளுக்கு இது சாமானியமான சாதனையா? நீங்களாக இருந்தால் அவரை வைத்துக்கொள்வீர்களா, அனுப்புவீர்களா?

அவசரப்படாதீர்கள். பயிற்சியாளர் பார்க்கிற விதமே வேறு. எத்தனை ஸாக் என்று அவர் முதலில் கேட்பதில்லை. யார் மேல், எந்த நேரத்தில் என்று கேட்கிறார். ஸாம் ஆடியதெல்லாம் பெரும்பாலும் ஆட்டத்தின் பின்பாதியில். எதிரே நின்ற காவற்காரர்களும் அவரைப்போலவே இடத்துக்காகத் தவித்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் பலருக்குச் செப்டம்பரில் வேலையே இருக்காது. மான்ஸெலும் ஒரு கத்துக்குட்டிதான். பந்தை உடனே எறியாமல் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருப்பவர். அப்படிப்பட்டவரைத் துரத்திப் பிடிப்பது ஒரு சங்கதி. இரண்டரை விநாடியில் பந்தை எறிந்துவிடும் அனுபவஸ்தரைப் பிடிப்பது வேறு சங்கதி. ஆகவே ஸாக் ஆன அந்த மூன்று தருணங்களையும் விட்டுவிட்டு, ஆகாத மற்ற தருணங்களைப் படத்தில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். முதல் அடி எவ்வளவு விரைவாக வைத்தார்? காவற்காரன் கைபட்டதும் நின்றுவிட்டாரா, கையைத் தட்டிவிட்டு இரண்டாவது வழி தேடினாரா? என்று.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே யார் யார் இருக்கிறார்கள் என்பது. அந்த வருஷம் ராம்ஸ் கட்சியில் முன்வரிசைதான் பலம். ஓரத்தில் ராபர்ட் க்வின் என்பவர் 2013-ல் 19 ஸாக் எடுத்தவர். எதிர் ஓரத்தில் கிறிஸ் லாங். இவர்களுக்கு மாற்றாக இன்னும் இருவர். இது போதாதென்று, அதே டிராஃப்டில் 13-வதாக ஆரன் டொனால்ட் என்ற பையனையும் எடுத்திருந்தார்கள். நடுவில் நிற்க இவர் குள்ளம் என்று சிலர் குறை சொன்னார்கள். (அந்தக் 'குள்ளர்' முதல் நாலு பந்தயங்களில் ஆரம்ப வரிசையில்கூட இல்லை. வருஷ முடிவில் சிறந்த தடுப்பாட்டக் கத்துக்குட்டி என்று பரிசு வாங்கினார். 2024-ல் ஓய்வு பெறுவதற்குள் தேசத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற விருதை மூன்று முறை வாங்கிவிட்டார். குறை சொன்னவர்களை இப்போது காணோம்!)

ஆக, மிஞ்சியது ஒன்பதாவது இடம் ஒன்றுதான். அதற்குப் போட்டி ஸாமும், டிராஃப்டில் யாருமே எடுக்காத ஈதன் வெஸ்ட்புரூக்ஸ் என்பவரும். வெஸ்ட்புரூக்ஸ் ஓரத்திலும் நிற்பார், நடுவிலும் நிற்பார். கடைசி இடத்துக்காரர் இரண்டு கை வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம் மாதிரி. ஸாமுக்கு ஓரம் ஒன்றுதான். ஆகஸ்டு 28-ம் தேதி மயாமியில் கடைசி ஒத்திகை. ஸாம் ஆறு பேரை மடக்கினார். 30-ம் தேதி 53 பேர் பட்டியல் வெளியாயிற்று. அதில் வெஸ்ட்புரூக்ஸ் இருந்தார், ஸாம் இல்லை. இது ஆட்டத்தை மட்டும் பார்த்துச் செய்த முடிவு என்றார் தலைமைப் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர். நான் அதை நம்புகிறேன். மற்ற எல்லாக் கட்சிகளும் தயங்கியபோது கடைசியிலாவது கையை நீட்டியது அவர் கட்சிதானே? வெஸ்ட்புரூக்ஸும் அதற்குப் பிறகு சில வருஷங்கள் அங்கேயே ஆடி, எடுத்த முடிவு தவறல்ல என்று காட்டினார்.

எனக்கு மனம் ஒப்பாதது அதற்கு அடுத்த மூன்று நாட்கள். ஒவ்வொரு கட்சிக்கும் 53 பேருக்கு மேல் பயிற்சிப் படை என்று ஒன்று உண்டு. பந்தயத்தில் ஆட மாட்டார்கள், பழகிக்கொண்டிருப்பார்கள். அப்போது கட்சிக்கு 10 இடம். 32 கட்சிகளுக்கு 320 இடம். கல்லூரிக் கூட்டத்தில் முதல்வர், ஒத்திகையில் மூன்று ஸாக் எடுத்தவர், இந்த 320-ல் ஒருவராக இருக்கக்கூடவா லாயக்கில்லை? ராம்ஸ் கட்சிக்கு ஓரத்தில் ஆள் மிகுதி; வாஸ்தவம். ஓரத்தில் ஆளில்லாமல் தவித்த கட்சிகளுக்கு என்ன வந்தது? வேகம் போதாது என்பது 53-க்குச் சரியான பதில். 320-க்கு அது பதிலாகாது. புள்ளிவிவரத்தில் ஏறாத ஏதோ ஒன்றும் அந்தத் தராசில் ஏறி உட்கார்ந்திருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. உங்களுக்கு வேறு அபிப்பிராயம் இருந்தால் எழுதுங்கள்.

செப்டம்பர் 3-ம் தேதி டாலஸ் கட்சி அவரைப் பயிற்சிப் படையில் சேர்த்துக்கொண்டது. அக்டோபரில் விட்டுவிட்டது. மறு வருஷம் கனடாவில் மான்ட்ரீல் கட்சிக்காக ஒரே ஒரு பந்தயம் ஆடினார். மனம் சரியில்லை என்று சொல்லி விலகினார். அமெரிக்கத் தொழில் ஃபுட்பாலில் கணக்கில் சேர்ந்த பந்தயம் ஒன்றுகூட அவர் ஆடவில்லை. 2022-ல் ஸ்பெயினில் பார்ஸலோனா கட்சியின் முன்வரிசைக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

கதை இதோடு முடியவில்லை. கார்ல் நாஸிப் என்று இன்னொரு முன்வரிசைக்காரர். 2016-லிருந்து ஆடிக்கொண்டிருந்தவர்; கட்சியில் இடம் உறுதியானவர். 2021 ஜூன் மாதம் ஸாம் சொன்ன அதே விஷயத்தை அவரும் தம்மைப் பற்றிச் சொன்னார். அவரை யாரும் அனுப்பவில்லை. செப்டம்பரில் லாஸ் வேகாஸில் முதல் பந்தயம். ஆட்டம் சமமாகி, கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. நாஸிப் காவலைக் கடந்து உள்ளே புகுந்து, லமார் ஜாக்ஸன் என்ற மகா கெட்டிக்காரக் குவார்ட்டர்பாக்கைச் சாய்த்து, கையிலிருந்த பந்தையும் தட்டிவிட்டார். கீழே விழுந்த பந்தை அவர் கட்சி எடுத்துக்கொண்டது. சற்று நேரத்தில் ஜெயித்தும் விட்டது. அந்த ஸாக் அவர் பெயரில் ஏட்டில் ஏறியிருக்கிறது.