கார்ல எறும்பா? ஸ்ப்ரேயைக் கீழ வைங்க

சீட்டுல நாலு எறும்பு ஊர்ந்தா போதும், நம்ம மக்கள் உடனே ஸ்ப்ரே டப்பாவைத் தேடுவாங்க. நானும் அந்தக் கட்சிதான் மக்களே, போன ஐப்பசி வரைக்கும்.

மழை நேரம். உப்பளத்துல வீட்டு வாசல்ல நிறுத்தியிருந்த கார் முழுக்க எறும்பு. கண்ணாடியை ஏத்திவிட்டு நல்லா ஸ்ப்ரே அடிச்சேன். அரை மணி கழிச்சு அம்மாவை ஏத்திக்கிட்டு மணக்குள விநாயகர் கோயிலுக்குக் கிளம்பினேன். அவங்களுக்கு ஏற்கனவே வீசிங். பாதி வழியிலயே மூச்சு இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. கோயிலுக்குப் பதிலா ஆஸ்பத்திரி, நெபுலைசர். மறுநாள் பாத்தா டாஷ்போர்டுல அதே வரிசை, அதே ஊர்வலம்!

தப்பு என்னுதுதான். நம்ம கண்ணுல படறது தீனி தேடி வந்த வேலைக்கார எறும்பு மட்டும். ராணி புத்துக்குள்ள பத்திரமா இருக்கும். இன்னொரு கூத்து, ஃபாரோ எறும்பு மாதிரி சில வகைகள்ல ஒரே கூட்டுல பல ராணி. மருந்தடிச்சு கலைச்சா, கூட்டம் பிரிஞ்சு தனித்தனிக் குடித்தனம் போட்டுடும். ஒண்ணு ரெண்டாகும்.

பல சமயம் சண்டை போட வேண்டிய எடம் காரே இல்லீங்க, காரை நிறுத்துற எடம். மழைத்தண்ணி புத்துக்குள்ள புகுந்தா முட்டையைத் தூக்கிக்கிட்டு காஞ்ச எடம் தேடும். டயரு, உரசுற மரக்கிளை, தரையில புரளுற கார் கவர், இதெல்லாம் அதுக்கு ஏணி.

முதல்ல வண்டியை எடம் மாத்துங்க. உள்ள வாக்குவம் போட்டு, எறும்பு போன தடத்தை சோப்புத் தண்ணியில தொடைங்க. அந்த வாசனையைப் புடிச்சுதான் மத்ததெல்லாம் வரும். அப்புறம் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணி, அஞ்சு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் போரிக் பவுடர். கரைச்சு, பஞ்சுல நனைச்சு, வெளிய புத்துக்குப் போற வழியில வைங்க. பவுடரைக் கூடப் போட்டா வழியிலயே செத்துடும், ராணிக்குப் போய்ச் சேராது. முதல் நாள் கூட்டம் அள்ளும், நசுக்காதீங்க, விடுங்க. கொழந்தைங்க, நாய் கைக்கு மட்டும் எட்டக் கூடாது.

2022-ல திண்டுக்கல் கரந்தமலையில மஞ்சள் பைத்திய எறும்பு பெருகி ஆடு மாடுகளையே பாடாப் படுத்துச்சே, அது அமிலம் பீச்சுற வகை. அதுக்குப் பயப்படலாம், நியாயம். நம்ம கார்ல வர்றது பிஸ்கட் தூளுக்கு வந்த பிள்ளையார் எறும்பு. அதுக்குப் போயி மூடின கார்ல விஷம் அடிச்சு, அந்தக் காத்தை நாமளே சுவாசிக்கணுமா?

எறும்பு திங்கட்டும்னு வாசல்ல அரிசி மாவுல கோலம் போட்ட ஊரு நம்முது. பின் சீட்டுல பிஸ்கட்டால கோலம் போட்டா அது வராம என்ன செய்யும்? மொதல்ல அதைத் தட்டுங்க.

அம்மா இப்பவும் கார்ல ஏறுறதுக்கு முன்னாடி மோந்து பாத்துட்டுத்தான் ஏறுறாங்க.