அரச ரத்தம் இல்லாவிட்டால் வீரனுக்கு பொம்மி கிடையாதா?

ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுகிற பிள்ளைகளைப் பார்த்து நம் தோழர்களிலேயே சிலர் சிரிக்கிறார்கள். வெட்டி வேலையாம். அடுத்தவர் படைத்த பாத்திரத்தை எடுத்து, பிடித்த ஜோடியைச் சேர்த்து எழுதுவது கைப்பேசியோடு வந்த பழக்கமா என்ன? கல்கி 1954இல் 'பொன்னியின் செல்வ'னை முடித்தார். வாசகருக்கு ஆசை அடங்கவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். வந்தியத்தேவன்–குந்தவை மோகம் இன்றும் தீரவில்லை. அவன் நாடிழந்தவன், வாளும் வாய்த்துடுக்கும்தான் சொத்து. அவளோ சோழ இளவரசி. எட்டாததை எட்டுகிற கதை என்பதால் ஒன்றுமில்லாத பிள்ளையும் தன்னை அவனிடத்தில் வைத்துப் பார்க்கிறது. ஆனால் அவனும் வாணர் குலத்து வாரிசு. அந்தத் தகுதி இருந்ததால்தான் கதை அவனை அவ்வளவு தூரம் போக விட்டது.

அந்தத் தகுதியை எப்படி ஒட்டவைக்கிறார்கள் என்பதற்கு மதுரைவீரனைப் பாருங்கள். பெயரில்தான் மதுரை. பொம்மியைக் கூட்டிக்கொண்டு வந்த வீரன் படைவேலைக்குச் சேர்ந்தது நம்ம திருச்சியில். தீட்டுக் குடிசையில் இருந்த பாளையக்காரர் மகளுக்குக் காவலிருந்த அருந்ததியர் வீட்டுப் பிள்ளை அவன். அந்த மழை இரவில் இருவரும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். கதை இவ்வளவுதான். இதைச் சொல்ல வாய் கூசியவர்கள் முன்னால் ஒரு காசி ராஜாவைச் செருகினார்கள்: கொடி சுற்றிப் பிறந்த இளவரசனாம், காட்டில் விடப்பட்டானாம், சின்னானும் செல்லியும் எடுத்து வளர்த்தார்களாம். இது பிற்பாடு போட்ட ஒட்டு என்றே நான் படிக்கிறேன். 1956இல் எம்.ஜி.ஆர். படமும் அந்த ஒட்டைப் பிரிக்கவில்லை. காத்தவராயனையும் இப்படித்தான் தெய்வப் பிறவி ஆக்கினார்கள். ஆனாலும் மாறுகால் மாறுகையும் கழுமரமும் இருவரையும் விடவில்லை!

திருவெறும்பூர் மலைக்கோயில் தலபுராணத்தில் தேவர்கள் எறும்பாக வந்து சிவனைக் கும்பிடுகிறார்கள். மேலே இருப்பவன் எறும்பாகவும் இறங்கி வரலாம், அது பக்தி. சின்னான் மகன் சின்னான் மகனாகவே வீரனாக நின்றால் மட்டும் கதைக்குப் பொறுக்காது.

'பரியேறும் பெருமாள்' (2018) பார்த்துவிட்டு ஜோவும் பரியனும் சேர்ந்தார்களா என்று மனசுக்குள் எழுதிப் பார்க்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்? படம் அந்த ஜோடியைச் சேர்க்கவில்லை, இரண்டு தேநீர்க் குவளைகளோடு நின்றுவிட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில், நடுத்தெருவில் வெட்டிக் கொன்றார்கள். இந்த ஊரில் ஒரு ஜோடியைச் சேர்த்து எழுதுவது வெறும் கற்பனைச் சுகம் என்று யார் சொல்வது? வெளியே சேர விடாததைத்தான் பிள்ளைகள் எழுத்தில் சேர்த்துப் பார்க்கிறார்கள். "கதையில்கூட ஏன் சாதி பார்க்கிறீர்கள்" என்று கேட்கிற நண்பர்கள், காசி ராஜாவை அங்கே கொண்டுவந்து வைத்தவர்களிடம் முதலில் கேட்கட்டும்.

எழுதுங்கள் தோழர்களே. காசி ராஜாவைத் தூக்கி வெளியே போடுங்கள். சின்னானும் செல்லியும் வளர்த்தவர்கள் அல்ல, பெற்றவர்கள் என்று தொடங்குங்கள். பொம்மியைப் பயந்து அழுகிறவளாக எழுதாதீர்கள், அந்தக் குடிசையை விட்டு வெளியே வந்தவள் அவள். திருச்சியில் அவர்கள் குடித்தனம் நடத்தட்டும், சண்டை போடட்டும், கிழவன் கிழவி ஆகட்டும். வெள்ளையம்மாளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்குத் தனியாக ஒரு கதை எழுத வேண்டும், அவள் வாயால்.