பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கிடையே எஞ்சின் மாற்றுவது: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினைக் கழற்றி இன்னொன்றில் பூட்டுவது சரியா என்று தெஹிவளை, வெள்ளவத்தை, கல்கிசைப் பக்கத்துக் கார்க்காரர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். தொழிற்சாலையில் பூட்டிய எஞ்சின் போனால் காரே போனதற்குச் சமம் என்பது ஒன்று. ஓடுவதற்குத்தானே கார், எதைப் பூட்டினால் என்ன என்பது மற்றது. பழைய கார் வைத்திருப்போரும் அவற்றைத் திருத்தும் பாஸ்மாரும் சேர்ந்த எங்கள் சங்கம் இரண்டையும் ஏற்கவில்லை. எஞ்சினை மாற்றலாம். ஆனால் அது எந்தக் காரிலிருந்து வந்தது என்பதை மறைக்கக் கூடாது. அதன் இலக்கத் தகட்டைக் கழற்றி வேறொன்றில் அடிக்கக் கூடாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவும் காரின் பொனட்டுக்குக் கீழே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். இதை ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறோம், மாற்றத்தை மட்டும் ஏன் இவ்வளவு தாராளமாக அனுமதிக்கிறோம் என்பதை விளக்கவே இந்த அறிக்கை.

தொழிற்சாலைத் தூய்மை பேசுவோர் முதலில் இந்தக் கார்களின் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1958 மே மாதம் வெளிவந்த ஒஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டில் புதிதாகச் செய்த பாகங்கள் குறைவு. அதன் ஏ-சீரிஸ் குடும்பத்து 948 சி.சி. எஞ்சினும் கியர்பொக்ஸும் முன் சஸ்பென்ஷனும் ஒஸ்டின் ஏ35 என்ற சாதாரணக் குடும்பக் காரிலிருந்து வந்தவை; ஸ்டியரிங் மொரிஸ் மைனரினது. 1961இல் அதே காருக்கு எம்.ஜி. முத்திரை குத்தி மிட்ஜெட் என்று இன்னொரு கடையில் விற்றார்கள். அதைவிடப் பெரிய வேலை 1974இல் நடந்தது. அமெரிக்காவின் புகை விதிகளுக்கு மிட்ஜெட்டின் 1275 சி.சி. எஞ்சின் ஈடுகொடுக்காமற் போகவே, அதுவரை சந்தையில் அதன் நேர் எதிரியாக இருந்த ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயரின் 1493 சி.சி. எஞ்சினைப் பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனமே மிட்ஜெட்டில் பூட்டி அனுப்பியது. இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களுக்கிடையே எஞ்சின் மாற்றுவது பாவம் என்றால் அந்தப் பாவத்தைத் தொடங்கி வைத்தது தயாரித்தவர்கள்தான். எம்.ஜி. பிரியர்கள் சிலர் அதை இன்றும் மன்னிக்கவில்லை என்பது வேறு கதை.

இலங்கைக்கு இந்த விடயத்தில் தனி வரலாறு உண்டு. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களின் தொடக்கத்திலிருந்து கார் இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை நாட்டில் ஏற்கெனவே இருந்த கார்களை வைத்தே காலம் தள்ள வேண்டியிருந்தது. ஸ்பிரைட்டின் எஞ்சின் உடைந்தால் இங்கிலாந்திலிருந்து புதிதாக ஒன்றை எடுப்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். ஆனால் அதே ஏ-சீரிஸ் குடும்பத்து எஞ்சின் தெருவுக்குத் தெரு நின்ற மொரிஸ் மைனரில் இருந்தது. அதைக் கழற்றி இதில் பூட்டியவர்கள் காரைக் கெடுத்தார்கள் என்று இன்று தீர்ப்புச் சொல்வது எளிது. அவர்கள் பூட்டாமல் விட்டிருந்தால் தீர்ப்புச் சொல்லக் காரே இருந்திருக்காது. பழைய வாகனங்களுக்கான உலகச் சம்மேளனமான ஃபீவா 2013இல் உறுதிப்படுத்திய டூரின் சாசனமும், ஒரு வாகனம் பாவனையில் இருந்த காலத்தில் அதற்குச் செய்யப்பட்ட மாற்றங்களை அதன் வரலாற்றின் பகுதியாகவே மதிக்கிறது. அதே சாசனம் இரண்டு விடயங்களை வலியுறுத்துகிறது: புதிதாகச் செய்யும் மாற்றத்தைத் திரும்ப எடுக்கக்கூடியதாகச் செய்ய வேண்டும், செய்ததை எழுதி வைக்க வேண்டும். எங்கள் நிலைப்பாட்டுக்கு அடிப்படை இந்த இரண்டுந்தான்.

இந்தியா வேறு வழியில் போயிருக்கிறது. 2021 ஜூலையில் அங்கே வந்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்த வாகனத்தை விண்டேஜ் என்று பதிவதற்குச் செசியிலோ பொடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக் கூடாது. இந்த விதியை இலங்கையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற யோசனையை நாங்கள் எதிர்க்கிறோம். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உதிரிப்பாகம் எளிதில் கிடைக்காத நாட்டில் அப்படியொரு விதி வந்தால் நேர்மையாக உண்மையைச் சொன்னவனின் கார் வெளியே நிற்கும், தகட்டை மாற்றி அடித்தவனின் கார் உள்ளே போகும். பிரித்தானியா நெடுங்காலம் வைத்திருந்த புள்ளி முறை இதைவிட அறிவுள்ளது. ஒரு கார் தன் பழைய பதிவைக் காப்பாற்றிக்கொள்ள எட்டுப் புள்ளிகள் தேவைப்பட்டன. செசிக்கு ஐந்து, சஸ்பென்ஷன், அச்சு, கியர்பொக்ஸ், ஸ்டியரிங் ஆகியவற்றுக்குத் தலா இரண்டு, எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. காரின் அடையாளம் உடம்பில் இருக்கிறது, எஞ்சின் அதில் ஒரு சிறு பங்கு என்பது அதன் பொருள். ஆனால் அந்த ஒற்றைப் புள்ளியைக் காரணம் காட்டி எஞ்சின் மாற்றத்தை அறிவிக்காமல் விட அங்கே யாருக்கும் அனுமதி இல்லை.

தயாரித்தவர்களே மாற்றினார்கள் என்று நாங்கள் சொல்லும்போது எழும் வலுவான மறுப்பு, அவர்கள் எஞ்சினை மட்டும் மாற்றவில்லை என்பதுதான். இது முழுக்க உண்மை. முதலாவது ஸ்பிரைட்டுக்கு 43 குதிரைவலு. நான்கு சில்லுகளிலும் ட்ரம் பிரேக். 1962இல் 1098 சி.சி. எஞ்சின் வந்து வலு ஐம்பத்தைந்து அளவுக்கு ஏறியபோது முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் கூடவே வந்தது. 1974இல் ஸ்பிட்ஃபயர் எஞ்சினை மிட்ஜெட்டில் வைத்தபோது கியர்பொக்ஸையும் மாற்ற வேண்டியிருந்தது. மொரிஸ் மரீனா வழிவந்த பெட்டியைப் போட்டார்கள். ஆகவே வலு கூடிய எஞ்சினை ஏற்கும் கார் அதை நிறுத்தக்கூடிய பிரேக்கையும் ஏற்க வேண்டும். காலி வீதி நெரிசலில் எந்தப் பிரேக்கும் போதும் என்று சிரிக்கலாம்; அதே கார் ஒரு ஞாயிறு காலை தெற்கு அதிவேகப் பாதையில் ஏறும். அதேபோல, எஞ்சின் அமர்வதற்காகப் பொடியின் தாங்குசட்டத்தையோ கியர்பொக்ஸ் மேடையையோ வெட்டுவதை நாங்கள் ஏற்கமாட்டோம். நட்டும் போல்ட்டும் கழற்றினால் பழைய எஞ்சின் பழைய இடத்தில் உட்கார வேண்டும். மொரிஸ் மைனரில் ஜப்பானிய எஞ்சின் இருப்பது இங்கே யாருக்கும் புதிதல்ல. வெட்டாமல் பூட்டியிருந்தால் அதையும் இதே அளவுகோலால்தான் பார்க்கிறோம், நெஞ்சு கொஞ்சம் உறுத்தினாலும்.

இனி இலக்கத்துக்கு வருவோம்; சர்ச்சையின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஏ-சீரிஸ் எஞ்சினின் இலக்கம் டைனமோவுக்கு மேலே, பிளொக்கில் றிவெட் அடித்துப் பொருத்திய சிறு தகட்டில் இருக்கிறது. துளைக்கும் கருவி உள்ள எவரும் அதைச் சில நிமிடங்களில் கழற்றிவிடலாம். தகட்டின் முன்னெழுத்துகள் தெரிந்தவனுக்கு முழுக் கதையும் சொல்லும்: 9சி என்றால் முதலாவது ஸ்பிரைட், 10சிஜி என்றால் அதன் பின்வந்த 1098 சி.சி. எஞ்சின், 12சிசி என்றால் 1275, 10எம்ஏ என்றால் மொரிஸ் மைனர். மைனரின் எஞ்சினை ஸ்பிரைட்டில் பூட்டிவிட்டு ஸ்பிரைட்டின் பழைய தகட்டை அதில் அடித்தால் கண்ணுக்கு எல்லாம் பொருந்தும். வாங்குகிறவன் ஏமாறுவது அதில் ஒரு பகுதிதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறக்கும் வரையான ஐந்து ஆண்டுகளில், ஓடாத காரின் புக்குக்கும், அதாவது பதிவுப் புத்தகத்துக்கும், விலை இருக்கிறது என்பதை இந்த நாடு நன்றாகப் படித்துக்கொண்டது. இரண்டு கார்களைக் கலைத்து ஒன்றாக்கும்போது ஒரு செசி, ஒரு தகடு, ஒரு புக் மிஞ்சுகிறது. மிஞ்சியது எங்கே போகிறது, எந்த வாகனத்துக்கு உடையாகிறது என்று கேட்க ஆளில்லை. எங்கள் கண்டிப்பு இந்த மிச்சத்தைப் பற்றியது.

ஒரே குடும்பத்து எஞ்சின்தானே, எதற்கு அறிவிப்பு என்று கேட்போருக்கு: குடும்பம் ஒன்று, குணம் வேறு. மைனரின் 1098 சி.சி. எஞ்சினில் ஒரு கார்ப்பரேட்டர், சுமார் 48 குதிரைவலு. ஸ்பிரைட்டின் 1098இல் இரண்டு கார்ப்பரேட்டர், வேறு கேம். ஸ்பிரைட்டின் 1098இலேயே முதலில் வந்ததன் கிராங்க் மெல்லியது, அதிக சுழற்சியில் நம்ப முடியாதது. 1964இல்தான் இரண்டு அங்குலத் தாங்கிகளோடு தடித்த கிராங்க் வந்தது. வெளிப்பார்வைக்கு இரட்டைப்பிள்ளைகள் போலிருக்கும் இந்த இரண்டில் எது தன் காரில் இருக்கிறது என்று தெரியாதவன் மலையேற்றத்தில் கிராங்கை உடைத்துக்கொள்வான். விபத்து நடந்து காப்புறுதி நிறுவனம் புத்தகத்தையும் எஞ்சினையும் ஒப்பிட்டால் தகராறுக்கும் இடமுண்டு.

நடைமுறைக் கஷ்டத்தைச் சொல்வோரின் பேச்சில் நியாயம் அதிகம். நாரஹேன்பிட்டியிலுள்ள திணைக்களத்துக்கு அலைவது ஒரு பக்கம் இருக்கட்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் உடைத்துப்போட்ட காரின் எஞ்சினுக்கு யார் ரசீது காட்டுவது? பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் கைமாறிய எஞ்சினுக்குச் சுங்கப் பத்திரம் எங்கே தேடுவது? கடதாசி கேட்டால் கடதாசி செய்துகொடுக்க ஆளிருக்கும் ஊரில், கிடைக்காத பத்திரத்தைக் கட்டாயமாக்குவது பொய்யைத்தான் வளர்க்கும். ஆகவே நாற்பது ஆண்டு கடந்த வாகனங்களுக்கு, சமாதான நீதவான் முன் ஒப்பமிட்ட சத்தியக்கடதாசி, எஞ்சினின் இலக்கம் தெரியும் படங்கள், திணைக்களப் பரிசோதகரின் நேர்ப்பார்வை, களவுபோனவற்றின் பட்டியலோடு ஒப்பீடு ஆகியவற்றை ரசீதுக்குப் பதிலாக ஏற்கும்படி திணைக்களத்தைக் கேட்கிறோம். புதிய எஞ்சின் இலக்கத்தைப் பதியும்போது பழையதை அழிக்காமல் புத்தகத்திலேயே பக்கத்தில் விட்டுவைக்கும்படியும் கேட்கிறோம். பிற்காலத்தில் பழைய எஞ்சின் திரும்பி வந்தால் அதன் வீடு எது என்று தெரிய இது ஒன்றே போதும்.

எஞ்சின் கொடுக்கும் காரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் தெருக்களில் உப்புக்காற்று ஸ்பிரைட், மிட்ஜெட் போன்ற தனிச் செசி இல்லாத கார்களின் தரைத்தகட்டையும் கதவடிச் சட்டத்தையும் தின்றுவிடுகிறது. அந்தத் துருதான் பெரும்பாலான எஞ்சின் மாற்றங்களுக்குத் தொடக்கம்: ஒன்றின் உடம்பு உக்கிவிட்டது, மற்றதன் எஞ்சின் செத்துவிட்டது. உடம்பு உண்மையில் திருத்த முடியாத நிலைக்குப் போயிருந்தால் மட்டுமே எஞ்சினை எடுப்பதை ஆதரிக்கிறோம். நல்ல எஞ்சினுக்காகத் திருத்தக்கூடிய காரை உடைப்பதற்கு எங்கள் பாஸ்மார் கைகொடுக்கமாட்டார்கள். எஞ்சின் கொடுத்த காரின் பதிவை உரிமையாளர் திணைக்களத்தில் ஒப்படைத்து முடித்துக்கொள்ள வேண்டும். புக்கைத் தனியே விற்றவர் சங்கத்தில் உறுப்பினராகத் தொடர முடியாது. கழற்றிய எஞ்சின் பிளொக் வெடித்திருந்தாலும் அதன் தகட்டோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும், கார் விற்கப்படும்போது கூடவே கொடுக்க வேண்டும். சங்கத்தின் காட்சிகளில் எஞ்சின் மாறிய கார்கள் மற்றவற்றோடு ஒரே வரிசையில் நிற்கும். இரண்டு இலக்கங்களும், மாற்றிய ஆண்டும், எஞ்சின் வந்த காரின் பெயரும் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அட்டையில் எழுதப்பட்டிருக்கும்.