கைவேலையும் மருந்தாகும்



எஸ்.பி.எம். முடிவு வந்ததும் நம் வீடுகளில் இரண்டு பேச்சுத்தான்: ஒன்று டாக்டர், மற்றொன்று என்ஜினியர். அவற்றுக்குப் புள்ளிகள் போதவில்லையென்றால் பிள்ளை தொழிற்சாலை பஸ் ஏறிவிடுகிறது. இடையில் எத்தனையோ நல்ல படிப்புகள் உண்டு. அவற்றுள் ஒன்றை இம்மாதம் சொல்கிறேன்.

ஆக்குபேஷனல் தெரபி என்பது அதன் பெயர். மலாயில் பெமுலிஹான் சாராகெர்ஜா என்பார்கள். நாம் செயல்வழிச் சிகிச்சை என்று சொல்லலாம். பக்கவாதம் கண்டவரின் உயிரை டாக்டர் காப்பாற்றிவிடுகிறார். வீடு திரும்பியபின் அவர் சோறு பிசைந்து உண்ண வேண்டுமே! சட்டைப் பொத்தானைப் போட வேண்டுமே! அதற்குப் பழக்குபவர் இந்தச் சிகிச்சையாளர். குலை வெட்டும்போது கையில் அடிபட்டவரையும், பென்சில் பிடிக்கத் திணறும் குழந்தையையும் இவரே கவனிக்கிறார்.

இத்துறையின் முன்னோடிகளைப் பிள்ளைகள் அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்கரான ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர். காசநோய் வந்தது, பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார், இடப்பக்கம் செயலிழந்தது. தோட்டவேலையும் தச்சுவேலையும் செய்தே தேறினார். 1917-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் இல்லத்தில் கூடியவர்கள்தாம் இத்தொழிலுக்கு முதல் சங்கம் அமைத்தார்கள்.

அக்கூட்டத்தில் இருந்தவர் எலனர் கிளார்க் சிலாகல் அம்மையார். மனநோயாளிகளுக்கு எழுவது, குளிப்பது, வேலை செய்வது, விளையாடுவது, ஓய்வெடுப்பது என நாள் முழுவதையும் ஒழுங்குபடுத்தி, நல்ல பழக்கங்களாலேயே அவர்களைத் தேற்றலாம் என்று காட்டினார். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து பம்பாயில் வாழ்ந்த கமலா நிம்ப்கர், 1950-இல் அங்கே இந்தியாவின் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் உலகக் கூட்டமைப்பு பிறந்தபோது அதை நிறுவிய பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

இவர்களிடம் நாம் கற்பது என்ன? நோயாளியிடம் "உங்களுக்கு என்ன நோய்?" என்று கேட்பதோடு நில்லாமல், "நீங்கள் எதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" என்றும் கேட்க வேண்டும். பால்மரம் சீவியவருக்குக் கத்தி பிடிக்க ஆசை இருக்கும். பாட்டிக்குப் பூக்கட்ட ஆசை இருக்கும். அந்த ஆசையிலிருந்தே சிகிச்சை தொடங்குகிறது. கைவேலையைக் கேவலம் என்று எண்ணும் நமக்கு இது நல்ல பாடம்.

நம் நாட்டில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதற்குப் பட்டப்படிப்பு உண்டு. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் டிப்ளோமா படிப்பும் நடைபெற்று வந்திருக்கிறது. விண்ணப்பிக்கும்முன் அவ்வாண்டு நிபந்தனைகளைக் கேட்டறியுங்கள். அறிவியலிலும் கணிதத்திலும் நல்ல தேர்ச்சி வேண்டும். மலாயும் ஆங்கிலமும் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தில் இத்தொழிலும் இடம்பெற்றுள்ளது.

இன்னொரு தகுதி, பொறுமை. ஒரு பொத்தானைப் போட ஒருவருக்குப் பல வாரம் ஆகலாம். அதுவரை முகம் சுளிக்காமல் பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும். அப்பத்தாவுக்குச் சோறூட்டி, தம்பிக்குச் சட்டை மாட்டிவிட்டு, அதன்பின் பள்ளிக்கு ஓடிவரும் பெண் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். அந்தக் குணம் அவர்களிடம் முன்பே இருக்கிறது. பெற்றோர்களே, அதற்கொரு படிப்பும் இருக்கிறதென்று அவர்களிடம் சொல்லுங்கள். நோயாளியிடம் தமிழிலேயே பேசித் தைரியம் சொல்ல, நம் பிள்ளைகளும் அந்த வேலைக்கு வரட்டும்.