ஆராயப்படுவோரும் ஆராய்வோரும்

அமெரிக்கப் பூர்வகுடி மாணாக்கர்க்கு விஞ்ஞான ஆராய்ச்சியில் வாய்ப்பளிக்க வேண்டும் என்பதில் இன்று எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. வாய்ப்பு என்பது யாது என்பதில்தான் வழக்கு. பெரிய பல்கலைக்கழகத்தார் ஒரு வழி வைத்திருக்கின்றனர். கோடை விடுமுறையில் பழங்குடிக் கல்லூரிகளிலிருந்து கெட்டிக்கார மாணாக்கர் சிலரைத் தம் ஆய்வுக்கூடத்துக்கு அழைப்பர். சில வாரம் வேலை பழக்குவர். படம் பிடித்துக்கொண்டு திருப்பி அனுப்புவர். இதனை உதவி என்கின்றனர். உதவிதான்; நாம் மறுக்கவில்லை. இதுவே போதும் என்பாரோடுதான் நமக்குப் பிணக்கு.

1968-ஆம் ஆண்டில் அரிசோனா மாநிலத்து நவஹோ மக்கள் தமக்கெனத் தாமே ஒரு கல்லூரி கண்டனர். இன்று டினே கல்லூரி எனப்படும் அதுவே பழங்குடியினர் தாமே நடத்திய முதற் கல்லூரி. அதன் வழியில் எழுந்தவை இன்று முப்பதுக்கும் மேல். இவற்றுக்குப் பொருள் தருவது தருமம் என்று பேசுவோர் பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்கட்டும். 1862-ஆம் ஆண்டு மோரில் சட்டத்தால் நிலம் பெற்று வளர்ந்தவை அந்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பல. அந்நிலம் யாருடையது? ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம் ஏக்கர், பூர்வகுடிகளின் கையிலிருந்து போனது! பழங்குடிக் கல்லூரிகளுக்கு அதே தகுதி கிட்டியது 1994-இல், 132 ஆண்டுகள் கழித்து. அப்போதும் நிலம் தந்தாரில்லை; ஒரு மூலநிதியின் வருவாயைப் பங்கிட்டனர்.

ஆய்வுக்கூடம் பிறர் கையிலேயே இருந்தால் என்ன ஆகும்? கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் மக்களைக் கேளுங்கள். நீரிழிவு நோயை ஆராய்வதாகக் கூறி 1990 முதல் அவர்களிடம் இரத்தம் எடுத்தனர் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர். அதே இரத்தம் மனநோய் ஆராய்ச்சிக்கும், அம்மக்களின் மூதாதையர் எங்கிருந்து வந்தனர் என்ற ஆராய்ச்சிக்கும் பயன்பட்டது. இதற்கு நாங்கள் இசையவில்லை என்று அம்மக்கள் வழக்காடினர். 2010-இல் 7 லட்சம் டாலரும் எஞ்சிய இரத்தமும் திரும்பி வந்தன. அந்த ஆய்வுக்கூடத்தில் அவ்வூர்ப் பிள்ளை ஒருவர் ஆய்வாளராக அமர்ந்திருந்தால் இது நடந்திருக்குமா?

நவஹோ நிலத்தின் செய்தி இன்னும் கொடிது. 1944 முதல் 1986 வரை அங்கு ஏறத்தாழ 3 கோடி டன் யுரேனியத் தாது வெட்டி எடுக்கப்பட்டது. கைவிடப்பட்ட சுரங்கங்கள் 500-க்கு மேல். வீட்டில் குழாய் இன்றித் தொலைவிலிருந்து நீரை வண்டியில் ஏற்றிவரும் குடும்பங்கள் பல. கிணறுகள் சிலவற்றில் யுரேனியம் அளவு மீறிக் கலந்திருக்கிறது. எந்தக் கிணற்று நீர் குடிக்கத் தக்கது என்ற கேள்வி அந்நீரைச் சுமக்கும் வீட்டு மாணாக்கனுக்கே முதலில் எழும். மழையிலும் வறட்சியிலும் ஆண்டு முழுதும் நீரெடுத்துச் சோதித்தாலன்றி விடை வராது. கோடை விருந்தாளியால் ஆகும் காரியமா இது?

சிறிய கல்லூரிக்கு அத்தனை ஆற்றல் ஏது என்பர். மொன்டானாவின் சாலிஷ் கூட்டனே கல்லூரி மாணாக்கர் ஒரு சாணுக்கும் குறைந்த கனசதுரச் செயற்கைக்கோளைத் தாமே வடித்துக் கட்டினர். பைசன்சாட் என்னும் அது 2015 அக்டோபர் 8-இல் விண்ணேறிற்று.

கல்வி தேடிப் பயணம் போவது பெருமைக்குரியதாயிற்றே என்று நம்மவரே கேட்கலாம். அதன் அருமை அரபுக் கல்லூரியில் ஓதிய நமக்குத் தெரியாததன்று. ஆயினும் தொலைதூரம் சென்று ஓதியவர் திரும்பி வந்து அமர ஊரில் ஒரு மதரஸா இருந்தது. பாடம் கேட்கப் பிள்ளைகள் இருந்தனர். கோடை முடிந்து திரும்பும் பழங்குடி மாணாக்கன் எங்கே அமர்வான்? கருவி இல்லை. இருந்தாலும், பகலெல்லாம் பாடம் சொல்லி இரவில் விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்கு அதைத் தொட நேரமில்லை. (இந்த நிலை ஆசிரியத் தொழில் செய்வார்க்கு விளக்க வேண்டியதில்லை.) 2001 முதல் தேசிய விஞ்ஞான நிறுவனம் இக்கல்லூரிகளுக்கெனத் தனித் திட்டம் நடத்துவது நன்றே. ஆனால் மானியம் காலவரையுடையது. அது முடிந்ததும் கருவியைப் பழுது பார்ப்பார் யார்? ஆய்வு நடத்தியவர்க்குச் சம்பளம் தருவார் யார்?

மாணாக்கர் ஒருவருக்கு இவ்வளவு என்று 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதிவைத்த தொகையையே அமெரிக்கப் பாராளுமன்றம் பல ஆண்டுகள் முழுமையாகத் தந்ததில்லை. அதை முதலில் கொடுக்கட்டும். கோடைக்கால அழைப்பிதழைப் பிறகு அனுப்பலாம்.