அடைக்கலத்தின் மேல் சுமத்தப்படும் பழி

மணவாளக்குறிச்சியிலிருந்து மண்டைக்காடு, குளச்சல் என்று நீளும் குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில், கணவனால் அடித்து விரட்டப்பட்ட பெண்களையும் போக்கிடமில்லாத பெண்களையும் தங்கவைக்கச் சமய அமைப்பு ஒன்று வீடு தேடத் தொடங்கினால், வாடகை பேசி முடியும் முன்பே ஊரில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது: சோறு போட்டு மதம் மாற்றப் பார்க்கிறார்கள். முன்பு தேநீர்க் கடை பெஞ்சில் சொல்லப்பட்ட இந்தத் தீர்ப்பு இப்போது கைப்பேசிக்குக் கைப்பேசி தாவும் குரல் பதிவாக வருகிறது. பேசுபவர் யார், எந்த இல்லம், எந்தப் பெண் மாற்றப்பட்டாள் என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இருப்பதில்லை. ஆயினும் படித்தவரும் தலையாட்டுகிறார், வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

இந்த நம்பிக்கை பெண்ணைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே பெண்ணை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இரவில் வீட்டை விட்டு இறங்கும் பெண்ணின் கையில் பெரும்பாலும் துணிக்கடைப் பை ஒன்றுதான் இருக்கும். அதற்குள் ஒரு மாற்றுப் புடவை, குடும்ப அட்டையின் நகல், பிள்ளையின் தடுப்பூசி அட்டை, அடகு வைத்த நகைக்கான சீட்டு. அவளுக்கு உடனே வேண்டியவை உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, உடம்பிலுள்ள காயங்களைப் பதிவுசெய்யும் மருத்துவர், பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்க மாற்றுச் சான்றிதழ், பின்னர் கூலி கிடைக்கும் ஒரு வேலை. இவற்றைத் தருகிறவரின் கழுத்தில் சிலுவை தொங்குகிறதா, நெற்றியில் திருநீறு இருக்கிறதா என்று ஆராயும் ஊர், அவள் உடம்பில் அந்தக் காயத்தை உண்டாக்கியவனின் பெயரைக் கேட்பதே இல்லை. அவன் மறுநாள் காலையில் வழக்கம்போல் அதே தேநீர்க் கடைக்கு வந்து, தன் மனைவியை இல்லத்துக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல, சுற்றியிருப்பவர்கள் அவனுக்கு ஆறுதல் கூறுகிறார்கள்.

இந்தக் குற்றச்சாட்டு நூறாண்டுகளுக்கும் பழையது. பொய்யாகிப் போனதும் அதே பழைய காலத்தில்தான். புராணங்களில் தேர்ந்த சமஸ்கிருத அறிஞரும், 1883ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கிறித்தவம் தழுவியவருமான பண்டித ரமாபாய், 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் சாரதா சதன் என்ற பள்ளியும் தங்குமிடமும் இணைந்த இல்லத்தைத் தொடங்கினார். குழந்தைப் பருவத்தில் மணம் முடித்து, கணவனை இழந்து, தலை மழிக்கப்பட்டு மூலையில் அமர்த்தப்பட்ட உயர்சாதி இந்துப் பெண்களுக்கான இடம் அது. அங்குச் சேர்ந்த முதல் கைம்பெண் கோதுபாய். இல்லம் பூனாவுக்கு மாறிய பிறகு, 1893ஆம் ஆண்டளவில், அங்கு மதமாற்றம் நடக்கிறதென்று திலகரின் கேசரி இதழ் கடுமையாகத் தாக்கியது. ஆலோசனைக் குழுவிலிருந்த ரானடே, பண்டார்கர் போன்ற சீர்திருத்தவாதிகளே விலகினர். பெற்றோர் பலர் தம் பெண்களை மீட்பதாகச் சொல்லி அழைத்துச் சென்றனர். எங்கே அழைத்துச் சென்றார்கள்? எந்த மூலையிலிருந்து அப்பெண்கள் எழுந்து வந்தார்களோ, அந்த மூலைக்கே.

கோதுபாய் மதம் மாறவில்லை. நான்கு ஆண்டுகள் கிறித்தவரான ரமாபாயின் கூரையின்கீழ் உண்டு, உறங்கி, கற்ற அந்தப் பெண், 1893 மார்ச் 11 அன்று தோண்டோ கேசவ் கார்வே என்ற இந்துப் பேராசிரியரை மறுமணம் செய்து, இந்துவாகவே வாழ்ந்தார். அந்தத் திருமணத்துக்காகக் கார்வேயை ஊர்விலக்கு செய்தது எந்தப் பாதிரியாரும் அல்லர், அவர் வளர்ந்த முருட் கிராமத்துச் சொந்தச் சாதியினரே. மதம் மாறினால் துரோகி என்றவர்கள், மாறாமல் நின்று வாழ முற்பட்டவளையும் அவளை மணந்தவரையும் அதே வேகத்தில் துரத்தினர். 1896ஆம் ஆண்டு கார்வே இந்துக் கைம்பெண்களுக்கென இந்து நிறுவனமாகவே இல்லம் ஒன்றைத் தொடங்கியபோதும் ஏச்சு குறையவில்லை. இவர்களின் சினம் ஞானஸ்நானத்தின் மீது இருந்திருந்தால் கார்வேயைக் கொண்டாடியிருக்க வேண்டும். பெண் வீட்டை விட்டு இறங்கினாள் என்பதே அவர்களுக்குப் பொறுக்கவில்லை. மதம் அதற்குப் போர்த்தப்பட்ட போர்வை.

சென்னையில் நடந்ததும் இதுவே. 1912ஆம் ஆண்டு சகோதரி சுப்புலட்சுமி பிராமணக் கைம்பெண்களுக்கான விடுதியைத் தொடங்கினார்; பின்னர் அது கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு மாறியது. ஆசாரம் தவறாத சமையற்கட்டும் வழிபாடும் கொண்டிருந்த அந்த விடுதியையும் வைதிகர்கள் பழித்தார்கள். அங்கே யாரை எந்த மதத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று அஞ்சினார்கள்? தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த சிறுமியரை விடுதிகள் சேர்க்க மறுத்தபோது, மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தம் வீட்டுக் கதவைத் திறந்து 1930ஆம் ஆண்டு அவ்வை இல்லத்தை உருவாக்க நேர்ந்தது. சமயமே சாராத அந்த முயற்சியும் வசைக்குத் தப்பவில்லை.

குமரி மாவட்டத்தில் இந்த ஐயம் வேர்பிடித்ததற்கு 1982 மார்ச் மாதம் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறித்தவக் கலவரமும் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் மாண்டதும் பெரிய காரணங்கள். அதை விசாரித்த நீதிபதி வேணுகோபால் ஆணையம் மதமாற்றத்துக்கு எதிரான சட்டத்தைப் பரிந்துரைத்தது. 2002ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்து, பின்னர் திரும்பப் பெற்றது. அச்சட்டம் சிறுவர்களையும் பட்டியல் சாதி, பழங்குடியினரையும் பெண்களையும் ஒரே வரிசையில் வைத்து, அவர்களை மாற்றுவோருக்கு மட்டும் கூடுதல் தண்டனை விதித்தது. குடும்பம் நடத்தி, பிள்ளை பெற்று, சீட்டுப் பிடித்து, கடனை அடைத்து, வாக்களித்து வரும் நாற்பது வயதுப் பெண், சமய விஷயத்தில் மட்டும் எட்டு வயதுச் சிறுவனுக்குச் சமம் என்பது அதன் பொருள். ஒரு தட்டுச் சோற்றுக்குத் தன் தெய்வத்தைக் கைவிடுவாள் என்று பெண்ணைப் பற்றி நினைப்பவர்கள், மாசிக் கொடையின்போது தலையில் இருமுடி ஏந்தி மண்டைக்காட்டு அம்மனிடம் நடந்து வரும் ஆயிரமாயிரம் பெண்களின் பக்தியை எந்த மதிப்பில் வைத்திருக்கிறார்கள்? கோதுபாய்க்கு அப்போது சொத்து இல்லை, வருமானம் இல்லை. அவரிடம் இருந்தது புத்தி மட்டுமே. அது போதுமானதாக இருந்தது.

நாஞ்சில் நாட்டின் சொந்த வரலாறும் இப்படிப் பழி சுமத்துவோருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. 1819ஆம் ஆண்டு இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் கணவர் சார்ல்ஸ் மால்ட்டோடு நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட், பெண்களுக்கான உறைவிடப் பள்ளியில் ரேந்தைப் பின்னலைக் கற்றுக்கொடுத்தார். ரேந்தை என்பது இறுக அடைக்கப்பட்ட தலையணையின்மேல் ஊசிகளைக் குத்தி, பல சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூலை அவற்றினூடே முன்னும் பின்னும் மாற்றிப் பின்னும் சரிகைபோன்ற நுண்வேலை. ஒரு விரற்கடை அகலத்துக்கும் நெடுநேரம் குனிந்திருக்க வேண்டும். அடிமைகளாகப் பிறந்த பெண்களில் சிலர் இந்தப் பின்னலில் கிடைத்த கூலியைச் சேர்த்து, உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்தது 1855ஆம் ஆண்டில்தான். அரசர் ஆணைக்கு முன்னரே அப்பெண்கள் தங்கள் விரல்களால் தங்கள் விலையைக் கட்டி முடித்திருந்தனர். அவர்களில் கிறித்தவம் ஏற்றவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. அதை வைத்து அவர்களை ஏமாற்றப்பட்டவர்கள் என்று சொல்ல, அவர்களை விலைக்கு வைத்திருந்த சமூகத்தின் வாரிசுகளுக்கு எந்தத் தகுதியும் இல்லை.

இதைப் படித்துக் கிறித்தவச் சபையினர் மகிழ்ந்துவிட வேண்டாம். 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறித்தவ வாரிசுரிமைச் சட்டம், மகளுக்கு மகனின் பங்கில் நான்கில் ஒன்றையோ ஐயாயிரம் ரூபாயையோ, இரண்டில் எது குறைவோ அதைத்தான் தந்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியபோது சபைத் தலைவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். மகளுக்குத் தந்தை சொத்தில் ஓர் அறை இருந்திருந்தால் அவள் ஏன் இல்லத்துக் கதவைத் தட்டப் போகிறாள்? இன்றும் நாஞ்சில் நாட்டில் கோயில் வீடு, சபை வீடு என்ற வேறுபாடு இல்லாமல் பெண்ணுக்குப் பவுன் கணக்கில் விலை பேசப்படுகிறது. பேசிய பவுனில் குறைந்தால் அடி விழுகிறது. அடிபட்டவளைப் பெரியவர்கள் கூடிப் பொறுத்துப்போ, ஜெபம் பண்ணு, நேர்ச்சை வை என்று அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். தனியாக வாழ முன்வரும் பெண்ணுக்கு வாடகைக்கு வீடு கொடுக்க எந்த மதத்துக்காரருக்கும் மனம் வருவதில்லை.

சமய இல்லங்களைக் கண்காணிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்த மனநோயாளர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த தனியார் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். அயர்லாந்தில் கன்னியர் நடத்திய மக்தலேனா சலவைக்கூடங்களில் பெண்கள் கூலியின்றி உழைக்க வைக்கப்பட்டதற்கு அந்நாட்டு அரசு 2013ஆம் ஆண்டு மன்னிப்புக் கேட்டது. இவ்விரு இடங்களிலும் பிழை பூட்டில் இருந்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான விடுதிகளையும் இல்லங்களையும் பதிவுசெய்து ஆய்வு நடத்தத் தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. கதவு எந்தப் பக்கம் பூட்டப்படுகிறது, அவள் விரும்பும்போது வெளியேற முடிகிறதா, செய்த வேலைக்குக் கூலி அவள் கையில் சேர்கிறதா, வழிபாட்டுக்கு வராதவளுக்கும் அதே சோறு கிடைக்கிறதா என்று அதிகாரிகள் சென்று கேட்கட்டும். குரல் பதிவு அனுப்புவோர் இந்தச் சட்டத்தின்கீழ் ஒரு மனுவாவது கொடுத்ததுண்டா?

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. 2006 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து அடித்தவனை வெளியேறுமாறு ஆணையிட நடுவருக்கு அதிகாரம் தருகிறது. வீடு அவள் பெயரில் இல்லாவிட்டாலும், அங்கு வாழ்வதற்கு அவளுக்கு உரிமை உண்டு. அந்த ஆணை உரிய காலத்தில் கிடைத்தால், துணிக்கடைப் பையோடு இரவில் இறங்க வேண்டியவன் அவன். பெண்கள் மதம் மாறிவிடுவார்களே என்று உண்மையிலேயே வருந்துகிறவர்கள், இல்லத்துக்கு வீடு கொடுக்காதே என்று ஊரைத் தூண்டுவதை விட்டுவிட்டு, இரணியல் நீதிமன்றத்தில் அவள் மனுவுக்குச் சாட்சியாக நிற்கட்டும். அக்கம்பக்கத்தில் நள்ளிரவு அலறலைக் கேட்டவர்கள் அவர்கள்தான்.