சந்தைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

கல்கத்தா நகரத்துச் சந்தையொன்றிலே காய்கறிக் கூடையின் பின்னே ஒரு சிறுவன் உட்கார்ந்திருக்கிறான். கிலோ 20 ரூபாய் விலையில் 800 கிராம் உருளைக் கிழங்கும், கிலோ 15 ரூபாய் விலையில் ஒரு கிலோ 400 கிராம் வெங்காயமும் வாங்கியவர் 200 ரூபாய் நோட்டை நீட்டுகிறார். சிறுவன் காகிதத்தைத் தேடவில்லை, விரலையும் மடக்கவில்லை. கிழங்குக்கு 16, வெங்காயத்துக்கு 21, ஆக 37 என்று மனத்துக்குள்ளேயே கூட்டி, மீதி 163 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிடுகிறான். அதே சிறுவனிடம் இதனினும் எளிய கழித்தல் ஒன்றை எழுதிக் கொடுத்துப் பாருங்கள், திகைத்து நிற்பான்.

இது கற்பனையன்று. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி முதலிய அறிஞர்கள் கல்கத்தாவிலும் டில்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைப் பரீட்சித்து, 2025-இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்ட முடிவு இதுவே. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் வியாபாரத்தில் சிக்கலான கணக்குகளைப் பிழையறப் போட்டனர். விலைகளை நெட்டுருப் போட்டிருப்பார்களோ, பக்கத்திலிருப்பவர் உதவியிருப்பாரோ என்ற சந்தேகங்களையும் ஆராய்ந்து விலக்கினர். ஆனால் பள்ளிக்கூடத்து முறையில் வெறும் எண்களாக எழுதிக் கேட்டபோது அப்பிள்ளைகள் தோற்றனர்.

நம் வாசகர்கள் கவனிக்க வேண்டியது இதன் மறுபக்கத்தையுமாகும். வியாபார அனுபவமே இல்லாமல் அருகிலுள்ள பள்ளிகளில் படிக்கும் 471 பிள்ளைகளையும் அவர்கள் சோதித்தனர். எளிய எழுத்துக் கணக்குகளை இவர்கள் ஓரளவு சரியாகச் செய்தனர். ஆனால் சந்தைப் பிள்ளைகளில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் விடை கண்ட ஒரு கடைக் கணக்கை இவர்களில் நூற்றுக்கு ஒருவரே தீர்த்தனர். சந்தையிலே கற்றது பள்ளிக்கு வரவில்லை. பள்ளியிலே கற்றது தெருவுக்குப் போகவில்லை. இரண்டுக்கும் நடுவே பாலம் கட்டுவார் இல்லை.

எண்ணறிவு என்பது ஒற்றைத் திறமையன்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒப்பிக்கும் மழலைக்கு எண்ணத் தெரியும் என்று பெற்றோர் மகிழ்கிறார்கள். ஐந்து புளியங்கொட்டைகளைப் பரப்பி எண்ணச் சொல்லுங்கள், எண்ணிவிடும். மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். கடைசியில் சொன்ன எண்ணே கூட்டத்தின் அளவு என்ற உண்மை அதற்கு இன்னும் பிடிபடவில்லை. பொருளுக்கு ஓர் எண், மாறாத வரிசை, கடைசி எண்ணே தொகை என்ற இந்த அஸ்திவாரங்களை கெல்மன், காலிஸ்டல் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1978-இல் தெளிவாக வகுத்துக் காட்டினார்கள். இவற்றோடு எது பெரிது, எது சிறிது என்று கண்டமாத்திரத்தில் மதிப்பிடும் இயற்கை உணர்வு வேண்டும்; ஒரு படியின் விடையை மறவாது தாங்கிக்கொண்டே அடுத்த படியைச் செய்யும் நினைவாற்றல் வேண்டும்; எழுதிய இலக்கத்தின் மதிப்பு அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்ற அறிவும் வேண்டும்.

கடைசியாகச் சொன்னதிலேதான் நம் பிள்ளைகள் பெரும்பாலும் இடறி விழுகிறார்கள். 52-இல் 38 போக மீதி என்ன என்றால், ‘எட்டிலிருந்து இரண்டு போனால் ஆறு, ஐந்திலிருந்து மூன்று போனால் இரண்டு’ என்று 26 எழுதும் பிள்ளைகளை எந்த வகுப்பிலும் காணலாம். அவனை மந்தபுத்தி என்று உபாத்தியாயர் முடிவு கட்டுகிறார். சந்தைச் சிறுவனோ 38-க்கு இரண்டு சேர்த்தால் 40, இன்னும் 12 சேர்த்தால் 52, ஆகவே 14 என்கிறான். 38-உம் 26-உம் சேர்ந்தால் அறுபதைத் தாண்டிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். ஏட்டுப் பிள்ளைக்கோ 5-உம் 2-உம் தனித்தனிக் குறிகள். அவற்றின் பின்னே ஐம்பதும் இரண்டும் நிற்பதை அவன் காண்பதில்லை.

தாய்மொழியின் துணையும் இங்கே பெரிது. இந்தியிலும் வங்காளியிலும் நூறு வரையுள்ள எண்களின் பெயர்களை ஏறத்தாழத் தனித்தனியே மனனம் செய்ய வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்கு ‘ஐம்பத்திரண்டு’ என்ற சொல்லே ஐம்பதையும் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. (தொண்ணூறு மாத்திரம் நூறு போல ஒலித்துக் குழந்தையை ஏய்க்கும்!) இவ்வளவு செம்மையான எண்வழக்கைப் பெற்ற நாமும் கழித்தலை வாய்பாடாக மட்டுமே கற்பித்துக்கொண்டிருப்பது வெட்கத்துக்குரியது.

2024-ஆம் ஆண்டின் ‘ஏசர்’ அறிக்கைப்படி, நாட்டின் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 33.7 பேரே. 2022-இல் இருந்த 25.9-ஐ விட இது மேல் என்று கல்வி இலாகா திருப்தியடையலாம். எஞ்சிய மூன்றில் இரு பங்கினரின் கதி யாது?

விளையாட்டால் எல்லாம் சரியாகும் என்பாரும் உளர். டில்லியில் 1,540 பாலர்களைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியிட்ட பரிசோதனையில், புள்ளிகளையும் உருவங்களையும் கொண்ட விளையாட்டுகள் அளவுணர்வை நெடுங்காலம் வளர்த்தன. ஆயினும் பள்ளிக் கணக்கில் நிலையான பலன் ஏதும் காணப்படவில்லை. ஆகவே ‘எண்ணும் எழுத்தும்’ போன்ற திட்டங்களில் மணியும் குச்சியும் அட்டையும் வழங்கிவிட்டால் மட்டும் போதாது. கையிலுள்ள குச்சிக் கட்டு எவ்விதம் பலகையிலுள்ள 5 ஆகிறது என்பதைப் பிள்ளையே சொல்லும்வரை உபாத்தியாயர் நிற்க வேண்டும். நாற்பது ஐம்பது பேரை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு இதை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

சந்தைச் சிறுவனைப் புகழ்வதால் குழந்தைகளை வேலைக்கு அனுப்புவதை நாம் ஆதரிப்பதாக எவரும் கருதவேண்டாம். அவன் இருக்கவேண்டிய இடம் வகுப்பறையே. அங்கே வரும்போது அவன் கொண்டுவரும் அறிவை அறிவென்று ஏற்க வேண்டும் என்பதே நம் வாதம். பிரேஸில் தேசத்து ரெஸிபி நகரில் தெருவோரம் விற்கும் சிறுவர்களிடம் இதே உண்மை 1985-லேயே கண்டறியப்பட்டது. ஒரு காய் 35 குருஸேரோ வீதம் பத்துத் தேங்காய்க்கு விலை கேட்டதற்கு, மூன்றுக்கு 105, இன்னும் மூன்றுக்கு 210 என்று ஏறிச்சென்று 350 என்றான் ஒருவன். பத்தால் பெருக்கப் பூஜ்யம் சேர்ப்பது என்ற பள்ளி விதி அவனுக்கு உதவவில்லை. நம் நாட்டிலோ அதற்கும் நெடுநாள் முன்பே, 1937-இல் வார்தாவில் மகாத்மா வகுத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையும் சுற்றுவாழ்வையும் கணக்கோடு பிணைக்கச் சொல்லிற்று. அதைப் பழங்கதையாக்கியவர்கள் நாமே.

மூன்றாம் வகுப்புக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்தும் எண்ணும் வரச்செய்ய 2026-27-ஐக் கெடுவாகக் குறித்து ‘நிபுண் பாரத்’ திட்டம் 2021-இல் தொடங்கப்பட்டது. அக்கெடு எவ்வளவு நிறைவேறுகிறது என்று கேட்கும் உரிமை ஜனங்களுக்கு உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின்படி பள்ளி நிர்வாகக் குழுக்களில் முக்கால் பங்கு பெற்றோரே. நம் ஊழியர்கள் தத்தம் ஊர்க் குழுவின் அடுத்த கூட்டத்துக்குச் சென்று, 52-இல் 38-ஐக் கழிக்க இப்பள்ளியில் எவ்விதம் கற்பிக்கப்படுகிறது, மனத்தால் போட்ட விடைக்கு மதிப்பெண் உண்டா என்ற இரண்டு கேள்விகளை எழுப்பி, கிடைக்கும் பதிலை நமக்கு எழுதியனுப்புமாறு கோருகிறோம்.